ஊராத்துறையில் கரையேறிய பரதேசிகள்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பராக்கிரமபாகு குளம் கட்டிய அரசர். பராக்கிரம சமுத்திரத்தைக் கொப்பியில் கீறி, நீல நிறம் தீட்டிப் புள்ளிகளும் வாங்கினோம். அதே அரசர் எமது தீவுப்பகுதித் துறைமுகம் ஒன்றுக்காகத் தமிழிலே ஒரு கட்டளை பிறப்பித்தார் என்று அப்போது யாரும் சொன்னதாக ஞாபகமில்லை.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டைப் படித்து 1963இல் வெளியிட்டவர் கா. இந்திரபாலா. கல்வெட்டு பேசும் ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு அதில் சொல்வது இதுதான்: பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்துபோனால், மீட்ட பொருளில் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. மற்ற வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலமானால் பாதிக்குப் பாதி.

இந்தக் கணக்கை நாம் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறோம். கரையில் ஒதுங்கிய கப்பலின் சரக்கு முழுவதையும் அந்தக் கரைக்குரிய அரசனே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் பல நாடுகளில் இருந்தது. அப்படியிருக்க முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுப்பது பெரிய சலுகை. அதிலும் யானைக்கும் குதிரைக்கும் ஏன் தனிக் கணக்கு? தமக்கு அவற்றின்மேல் விருப்பம் உண்டு என்று அரசரே காரணம் சொல்கிறார். விருப்பம் மட்டுமல்ல, படைக்கு அவை தேவை. யானைக்குப் பேர்போன இலங்கைக்கே யானை வந்ததா என்று கேட்கத் தோன்றும். வந்தது. பர்மாவின் இராமஞ்ஞ தேசத்து மன்னன் யானை விற்பனைக்குத் தடை போட்டதைப் போருக்கான காரணங்களில் ஒன்றாகச் சூளவம்சம் சொல்கிறது.

சிங்கள மன்னரின் கட்டளை ஏன் தமிழில் இருக்கிறது? துறையிலே அதை வாசிக்க வேண்டியவர்கள் தமிழ் தெரிந்தவர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எமக்குப் படவில்லை. ஆனால் அரசரை வணிகரின் காவலராக மட்டும் காட்டுவதும் சரியாகாது. சோழரின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, அவர் ஊராத்துறையிலும் மாதோட்டத்திலும் வேறு துறைகளிலும் படை திரட்டிக் கப்பல் கட்டுவித்ததாகக் குற்றஞ்சாட்டுகிறது.

பிறகு யானைகள் மறுபக்கமாகப் போயின. வன்னியில் பிடிபட்டவை ஆனையிறவைக் கடந்து வந்து இந்தத் துறையில் கப்பலேறின. யானைத் துறை என்று போர்த்துக்கேயர் அழைத்ததிலிருந்தே 'கயிற்ஸ்' என்ற பெயர் வந்தது என்பர். துறையின் வாயிலில் கடல் நடுவே அவர்கள் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பன்றித்தொடையின் குதி என்று பொருள்படும் பெயரையும் அதற்கு வைத்தார்கள். வரைபடத்தில் இலங்கையைப் பார்த்தவர்களுக்குப் பசி போலும்! ஆங்கிலேயர் காலத்தில் அக்கோட்டை தொற்றுநோய் மருத்துவமனையாகவும் இருந்தது. எம்மில் வைத்தியம் படித்தவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. கப்பல் வரும் ஊருக்கு நோயும் வரும் என்பதைத் துறைமுகங்கள் வெகுகாலமாக அறிந்திருந்தன.

1990இல் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, எமது வகுப்பிலும் சில மேசைகளில் இரண்டு பேருக்குப் பதிலாக மூன்று பேர் இருந்தோம். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை என்று ஊர்ப்பெயர்கள் எமக்கு அப்போதுதான் ஆட்களாயின. அவர்களில் பலர் கொண்டுவந்தது ஒரு பை. விட்டு வந்ததில் முக்காலும் திரும்பவில்லை, பாதியும் திரும்பவில்லை.

கல்வெட்டு வணிகரைப் 'பரதேசிகள்' என்கிறது. இன்று அந்தச் சொல்லை ஏச்சாகவே கேட்கிறோம். அன்று அதற்குப் பிறதேசத்தவர் என்பதே பொருள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இம்மலரைப் புரட்டும் தோழியர் கோபிக்க வேண்டாம், அக்கணக்கில் நீங்களும் பரதேசிகள்தான்.

நூற்றாண்டு விழாவுக்கு வருபவர்கள் ஒரு நாளை ஒதுக்குங்கள். காரைநகரிலிருந்து 'பாதை'யில் ஏறி ஊர்காவற்றுறையில் இறங்கலாம். கடற்கோட்டை அங்கிருந்தே தெரியும். பின் குறிகட்டுவானுக்குப் போய் நயினாதீவுப் படகைப் பிடியுங்கள். அம்மனைக் கும்பிட்டபின், கல்வெட்டு எங்கே என்று கோயிலில் விசாரியுங்கள்.