கணக்கு மாத்திரை



வகுப்பில் ஒரு நிமிடம் உட்காராத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். அதைத் திமிர் என்றே நினைத்தேன்.

1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறை இல்லாமலே கவனம் நிற்காத, தன்னை அடக்க முடியாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். ஆனால் அவரும் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றுதான் சொன்னார்.

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், பிராட்லி இல்லம் என்ற குழந்தைகள் மருத்துவமனை. மூளைப் படம் எடுத்ததால் வந்த தலைவலிக்கு டாக்டர் சார்லஸ் பிராட்லி பென்ஸெட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 பிள்ளைகளில் 14 பேர் படிப்பில் வியக்கும்படி முன்னேறினார்கள். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்கள்! ஊக்க மருந்து துறுதுறுப்பை அடக்கியது பிராட்லிக்கே வியப்பு.

ஆனாலும் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் வர 1987 ஆனது. பெரியவர்களுக்கும் அது தொடரும் என்பதை 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு தெளிவாகச் சொன்னது.

இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரித்தே மருத்துவர் முடிவு செய்வார். மருந்தோடு பெற்றோருக்கான பயிற்சியும் உண்டு.

பேரப்பிள்ளைகளை அதட்டுமுன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். பெஞ்சு மேல் நின்றவர்கள் இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னியுங்கள்.