சென்னைக் கரையில் படகுப் பாதுகாப்பு: மசூலா முதல் முட்டுக்காடு வரை

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பெற்றபோது அதற்குக் கிடைத்தவை திறந்த மணற்கரையும் ஓயாத அலையும்தான். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆளோ சரக்கோ கரை சேர வேண்டுமானால் சிறு படகில் அலைகளைக் கடந்தாக வேண்டும். துறைமுக வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சுவர், தூண், பொறியாளர் பற்றியே பேசினர். அந்தச் சிறு படகில் ஏறியவர் உயிருக்கு யார் பொறுப்பு, இன்று படகு போகலாமா கூடாதா என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வியை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

அலையைக் கடக்கும் வழியைக் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. கரையோர மீனவர்களிடம் அது ஏற்கெனவே இருந்தது. அவர்களது மசூலாப் படகில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்து, தையலின் மேல் நார் திணித்து இறுக்கியிருப்பார்கள். உள்ளே விலாச்சட்டமும் கிடையாது. அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும்; மசூலா வளைந்து கொடுக்கும். முப்பது அடியைத் தாண்டும் நீளமுள்ள பெரிய படகுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பின்புறம் தண்டல் நின்று நீண்ட துடுப்பால் திசை பிடிப்பார். எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறுவது என்பது அவர் கண்ணிலும் குரலிலும் இருந்தது. கப்பலின் சொந்தப் படகுகளோ அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரமிட்டு, கரையிலிருந்து மசூலா வரும்வரை காத்திருந்தன.

மசூலா தனியாகப் போகவில்லை என்பதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியமான செய்தி. பயணிகளை ஏற்றிச் சென்ற படகோடு கட்டுமரங்களும் போயின. படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவரைத் தூக்குவது கட்டுமரக்காரர் வேலை. உயிர் காத்தவர்களுக்கு வெகுமதியும் பதக்கமும் வழங்கப்பட்டதைப் பயணக் குறிப்புகள் பதிவுசெய்கின்றன. படகே இறங்க முடியாத நாட்களில், ஓலையால் முடைந்த நீர்புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்வந்தவர்களும் இவர்களே. ஐரோப்பியர் சிலர் தம் குறிப்புகளில் படகோட்டிகளைப் பேராசைக்காரர் என்று திட்டியிருக்கிறார்கள். அலை உயரும்போது கூலி கூட்டிக் கேட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு. அது ஆபத்துக்கான விலை என்றே நான் படிக்கிறேன். கவிழ்ந்த படகில் முதலில் அடிபடுகிறவர் துடுப்பில் இருப்பவர்தான்.

கம்பெனி இதன்மேல் ஓர் ஒழுங்கைப் போர்த்தியது. மாஸ்டர் அட்டெண்டன்ட் என்ற அதிகாரி நங்கூரத் துறைக்கும் படகுகளுக்கும் பொறுப்பேற்றார். படகுக் கூலிக்கு விகிதம் வகுக்கப்பட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிது கொடி. அலை கட்டுமீறியபோது கரையிலிருந்த அலுவலகத்தில் கொடி ஏற்றினார்கள். யாரும் அலையைக் கடக்க முயல வேண்டாம் என்று கப்பல்களுக்கு அதன் பொருள். பருவத்துக்கும் இதே முறை இருந்தது. அக்டோபர் 15ஆம் தேதி வாக்கில் கோட்டைக் கொடிக்கம்பத்தை இறக்கிவிட்டு டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஏற்றுவார்கள். இடைப்பட்ட காலத்தில் கப்பல்கள் இங்கே நிற்கக் கூடாது. இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் கசப்பான அனுபவம் இருந்தது. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பற்படை அவ்வாண்டு அக்டோபர் நடுவில் இதே கடலில் புயலில் சிதைந்தது.

ஆக, 18ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கரையில் மூன்று ஏற்பாடுகள் சேர்ந்து இயங்கின: கடலுக்கேற்ற படகு, உடன்வரும் மீட்பு, போகாதே என்று சொல்லும் அதிகாரம். முதல் இரண்டும் மீனவர் அறிவு. மூன்றாவது அரசின் பங்கு.

அடுத்த நூற்றாண்டு கட்டுமானத்தை நம்பியது. வாரன் ஹேஸ்டிங்ஸ் சென்னையில் பணியாற்றிய 1770 வாக்கிலேயே தோணித்துறைப் பாலம் ஒன்றைப் பற்றிப் பேசினார். திருகுக் கால்கள்மேல் நின்ற இரும்புப் பாலம் 1861இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. 1868, 1872 புயல்கள் அதைச் செயலிழக்கச் செய்தன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டப்படி இரு அலைதடுப்புக் கரங்கள் கடலுக்குள் நீண்டன. 1881 நவம்பர் 12 புயல் அவற்றை உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டி முடித்த பிறகும் கிழக்கு பார்த்த வாயில் வழியே கடல் நேராக உள்ளே அடித்தது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் வடகிழக்கில் புது வாயில் திறந்து, 1911 அளவில் பழையதை மூடினார். கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்கும் காலம் வந்ததும் மசூலாவுக்கு வேலை போயிற்று.

இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகக் கரங்கள் மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கட்டுமரத்தை இழுத்து ஏற்ற மணல்வெளி இல்லாமல் போனால் பாதுகாப்பாகக் கரையேறும் வழியும் குறையும். கப்பலுக்குக் கிடைத்த அடைக்கலத்தின் சுமை வடசென்னை மீனவர்மேல் விழுந்தது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் அமைய 1980கள் வரை ஆயின.

எச்சரிக்கை முறையும் கப்பல் பக்கமே வளர்ந்தது. 1864 கொல்கத்தாப் புயலுக்குப் பின், 1865இல் அங்கே துறைமுக எச்சரிக்கை தொடங்கியது; நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டின் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. இன்று நாம் அறிந்த புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் அதன் வாரிசுகள். ஒன்று முதல் பதினொன்று வரையான அந்த எண்கள் பெருங்காற்றைப் பற்றியவை. சாதாரண நாளில் ஒரு சிறு படகு இத்தனை பேரோடு புறப்படலாமா என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

பொழுதுபோக்குப் படகுகளின் வரவு இந்த இடைவெளிக்குள்தான் நிகழ்ந்தது. 1911இல் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுக எல்லைக்குள்ளேயே இடம் பெற்றதால் துறைமுகக் கட்டுப்பாடு அதற்கு இயல்பாகக் கிடைத்தது. பாய்மரப் பந்தயத்தில் மீட்புப் படகு உடன்செல்வது வழக்கம். கட்டுமரத்தின் பழைய வேலை அங்கே உயிரோடு இருக்கிறது. 1984இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டில் படகுக் குழாமைத் திறந்தது. அலையற்ற கழிமுகத்தைத் தேர்ந்ததும், ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் வைத்ததும் சரியான முடிவுகள்.

இந்த இரண்டு வேலிகளுக்கும் வெளியே நடந்தது பழவேற்காடு விபத்து. 2011 டிசம்பர் 25 அன்று விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். உயிர்காப்பு அங்கி இல்லை. கூட்டம் அளவுக்கு மேல். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரிலும், பயணிகளை அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். இரண்டு இடத்திலும் தடுக்கும் அதிகாரத்தோடு துறையில் ஆள் நிற்கவில்லை. 1917ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலச் சட்டத்தின் இடத்தில் 2021இல் புதிய சட்டம் வந்திருக்கிறது; பதிவு, தகுதிச் சோதனை, உயிர்காப்புக் கருவிகள் எல்லாவற்றையும் அது கேட்கிறது. சட்டம் தேவைதான். ஆனால் படகு புறப்படும் கணத்தில் அதைச் செயலாக்க ஆள் வேண்டும்.

கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554 இன்று எந்தக் கைப்பேசியிலும் கிடைக்கும். அது ஆபத்து நேர்ந்தபின் உதவுவது. நேருமுன் தடுக்க, பயணிகள் ஏறும் ஒவ்வொரு துறையிலும் பயணத்தை நிறுத்தும் உரிமையுள்ள ஒரு பொறுப்பாளரை அரசு அமர்த்த வேண்டும். அந்தப் பணிக்கு அலையைப் படிக்கத் தெரிந்த மீனவர்களை முதலில் அழைக்க வேண்டும். அவர்களது ஊதியமும் டிக்கெட் விற்பனையை நம்பியிருக்கக் கூடாது.