கொன்கோர்த் சதுக்கத்துக் கல்

பாரிசுக்குப் போகும் நம்மவர்கள் ஈஃபில் கோபுரம், லூவ்ர், நோத்ர்-தாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். கொன்கோர்த் சதுக்கத்தைப் பேருந்தில் இருந்தபடியே படம் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். பிள்ளைகளோடு நான் ஐரோப்பா போனபோது அதிக நேரம் நின்றது அங்கேதான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் ப்ரெவே வரை படித்தவனுக்கு அந்த இடத்தின் தேதிகள் எல்லாம் மனப்பாடம்.

அது முதலில் பதினைந்தாம் லூயியின் சதுக்கம். குதிரைமேல் அமர்ந்த அவருடைய சிலையை 1763-இல் வைத்தார்கள். 1792-இல் புரட்சிக்காரர்கள் அதைத் தள்ளிவிட்டு, 'புரட்சிச் சதுக்கம்' என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டு சனவரி 21 அன்று பதினாறாம் லூயியின் தலை அங்கே கில்லட்டினில் விழுந்தது. அக்டோபர் 16 அன்று அரசி மரி அந்துவானெத்தின் முறை. 1794 ஜூலை 28 அன்று, பலரை அங்கே அனுப்பிவைத்த ரொபெஸ்பியேரும் போய்ச் சேர்ந்தார். 1795-இல் 'கொன்கோர்த்' என்று பெயர் மாறியது. நல்லிணக்கம் என்று பொருள்.

பெயர் மாறினாலும் நடுவில் யாரை வைப்பது என்ற கேள்வி தீரவில்லை. அரசர் சிலை வைத்தால் குடியரசுக்காரர்கள் கொதிப்பார்கள்; புரட்சிக்குச் சின்னம் வைத்தால் அரச பக்தர்கள் கொதிப்பார்கள். 1830-இல் பட்டத்துக்கு வந்த லூயி-பிலிப்புக்கு இது சொந்தக் கதையும்கூட. அவருடைய தந்தை ஓர்லெயான் கோமகன், 'எகாலித்தே', அதாவது சமத்துவம் என்று பெயரையே மாற்றிக்கொண்டவர். உறவினரான மன்னரின் மரண தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்தவர். 1793 நவம்பர் 6 அன்று அவரையும் அதே சதுக்கத்தில்தான் வெட்டினார்கள்.

லூயி-பிலிப் கண்ட வழி, எகிப்தின் முகம்மது அலி அன்பளிப்பாகத் தந்த லுக்சோர் கல். இரண்டாம் ராம்செஸ் காலத்தது. 3,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. சுமார் 23 மீட்டர் உயரம், 200 டன்னுக்கு மேல் எடை. 1836 அக்டோபர் 25 அன்று பொறியாளர் லபா அதை நிமிர்த்தி நிறுத்தினார். பீடத்தில் தங்க நிறக் கோடுகளில் படங்கள் இருக்கின்றன. கல்லை எப்படி இறக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள் என்று காட்டும் படங்கள். அங்கே விழுந்த தலைகளைப் பற்றி அந்தப் பீடத்தில் ஒரு சொல் இல்லை.

வாழ்நாளெல்லாம் கோப்பு கட்டியவன் நான். தகராறான கோப்பின்மேல் சம்பந்தமில்லாத கனமான கோப்பு ஒன்றை வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். லூயி-பிலிப் செய்ததும் அதுதான். ஆனால் தகராறு தீரவில்லை. 1848-இல் மக்கள் அவரையும் துரத்திவிட்டார்கள். அதே சமயம், அந்தக் கல்லின் அடியில் இன்று யாரும் சண்டை போட்டுக்கொள்வதில்லை என்பதும் உண்மை. சில காயங்களுக்கு இப்படி ஒரு மூடல் தேவைதான் போலும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூடியதை மறக்காமல் இருந்தால் போதும்.

நம் ஊர்க் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவைதான். அவற்றின் பூர்வீகத்தை எத்தனை பேர் நினைக்கிறோம்?

லுக்சோர் கோயில் வாசலில் இந்தக் கல்லின் ஜோடி இன்றும் தனியாக நிற்கிறது. கொன்கோர்த்தில் இறங்குகிறவர்கள் மேலே மட்டும் பார்க்காதீர்கள். அரசனும் அரசியும் மாண்டதைச் சொல்லும் சிறு தகடு ஒன்று தரையில் பதித்திருக்கிறது. அதையும் தேடிப் படியுங்கள்.