இடியன் துவக்கு

அமெரிக்காவில் 1894இல் வந்த வின்செஸ்டர் வேட்டைத் துவக்கை இன்றும் தேடிச் சேகரிக்கிறார்கள். விசையைச் சுற்றியுள்ள கைப்பிடியைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோர ஊர்களில் நாங்கள் அறிந்தது இடியன். குழல்வாயால் மருந்தைக் கொட்டி, தும்பு வைத்துக் கம்பியால் இடித்து, பிறகு ஈயக்குண்டு. இடிப்பதால்தான் அந்தப் பெயர். ஒரு வெடிதான், தவறினால் பன்றி காத்து நிற்காது.

துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். போருக்குப் பிறகு, துருப்பிடித்த குழலைக்கூட வீட்டில் வைக்க எங்களுக்குப் பயம். ஆகவே நான் சேர்ப்பது சொற்களை மட்டும்: இடியன், கேப்பு, கட்டுத்துவக்கு. கடைசியாகச் சொன்னதை மிருகத் தடத்தில் கட்டிவைப்பார்கள். விறகுக்குப் போகிறவரின் காலையும் அது பதம்பார்க்கும்.