பச்சிளம் விண்மீன்களின் அழுகை – சந்திரா கேட்ட கதை

குளிர்கால இரவுகளில் வீட்டு பால்கனியில் நின்றால் நான் முதலில் தேடுவது ஓரியன் மண்டலத்தைத்தான். சிறுவயதில் பாட்டி காட்டித் தந்த திருவாதிரை அதன் தோளில் செக்கச் சிவந்து நிற்கும். இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அதற்குக் கீழே வாள்போல் தொங்கும் சிறு வரிசையின் நடுவே, பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் ஒரு மங்கல். அதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒரு விண்மீன் பிரசவ விடுதி.

அங்குள்ள விண்மீன் கொத்தின் வயது ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகள். நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். சூரியனை 46 வயது மனிதராக எண்ணிக்கொண்டால், இவை பிறந்து நான்கு நாள்கூட ஆகாத குழந்தைகள்.

இக்குழந்தைகளைக் கணக்கெடுப்பது எளிதல்ல. பலவற்றைத் தூசி மறைக்கிறது. முன்னாலும் பின்னாலும் உள்ள முதிய விண்மீன்கள் அதே படத்தில் வந்து கலந்துவிடுகின்றன. இங்கேதான் எக்ஸ்-கதிர் கைகொடுக்கிறது. சூரியன் போன்ற விண்மீன் இளமையில் வேகமாகச் சுழல்கிறது. வலுவான காந்தப்புலங்களை உண்டாக்குகிறது. அவை முறுக்கி, அறுந்து, மீண்டும் இணையும்போது சுற்றியுள்ள வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி எக்ஸ்-கதிரை உமிழ்கிறது. இது இன்றைய சூரியனின் எக்ஸ்-கதிரைப்போல் ஆயிரம் மடங்கு இருக்கலாம். தூசியை ஓரளவு ஊடுருவியும் வரும். ஆக, எக்ஸ்-கதிரில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் குழந்தைதான்.

ஆனால் பூமியின் காற்று மண்டலம் எக்ஸ்-கதிரை விழுங்கிவிடும். எனவே விண்வெளிக்குத்தான் போகவேண்டும். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் சந்திரா தொலைநோக்கியைச் சுமந்து சென்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு. எக்ஸ்-கதிர் சாதாரணக் கண்ணாடியில் நேராக விழுந்தால் உள்ளே புகுந்து மறையும். மிகச் சாய்வாக விழுந்தால் குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லுபோல் தத்திச் செல்லும். அதனால் சந்திராவின் கண்ணாடிகள் இரிடியம் பூசிய பீப்பாய்களைப்போல், நான்கு ஜோடிகளாக, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்துள்ளன.

2003 ஜனவரியில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஃபைகல்சன் தலைமையிலான குழுவுக்காக, சந்திரா இந்தக் கொத்தைச் சுமார் 13 நாட்கள் உற்றுநோக்கியது. இடைவெளிகள் போக, பார்த்த நேரம் ஏறக்குறைய 9.7 நாட்கள். 1,600-க்கும் மேற்பட்ட எக்ஸ்-கதிர் மூலங்கள் கிடைத்தன.

சந்திராவின் தரவுகள் யாரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்தே இருக்கின்றன. பகலெல்லாம் லாக் கோப்புகளோடு மல்லாடும் மென்பொருள்காரன் நான். ஒரு வார இறுதியில் இவற்றை இறக்கிப் பார்த்தேன். படம் வரும் என்று எதிர்பார்த்த எனக்கு வந்தது ஒரு நீண்ட பட்டியல். வந்து விழுந்த நேரம், இடம், ஆற்றல் என்று ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி. ஒரு விண்மீனின் வரிகளை மட்டும் பிரித்து நேரப்படி வரைந்தேன். வெகுநேரம் தட்டையாகப் போன கோடு திடீரென்று செங்குத்தாக எழுந்து மெல்லச் சரிந்தது. குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது!

சூரியனை ஒத்த நிறையுள்ள 28 விண்மீன்களை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொன்றும் சராசரியாக வாரத்துக்கு ஒருமுறை இப்படிப் பெருஞ்சுடர் வீசுவதாகக் கண்டார்கள். இன்றைய சூரியனின் சுடர்கள் இவற்றுக்கு முன்னால் வெறும் தீப்பொறி.

சுற்றியுள்ள தட்டில் உருவாகும் கோள்களின் கதி? அழிவுதான் என்று தோன்றும். ஃபைகல்சன் குழு வேறொரு சாத்தியத்தைச் சொன்னது. எக்ஸ்-கதிர் தட்டின் வாயுவை மின்னேற்றிக் கொந்தளிக்கச் செய்யும். அந்தக் கொந்தளிப்பே இளம் கோள்கள் விண்மீனுக்குள் சரிந்து விழாமல் காத்திருக்கலாம். இது இன்னும் கருதுகோள்தான்.

ஐந்தாண்டுப் பணிக்கென அனுப்பப்பட்ட சந்திரா, 2024-ல் 25 ஆண்டுகளைக் கடந்தது. அதே ஆண்டு அதன் நிதியைப் பெருமளவு குறைக்கும் யோசனை வந்தபோது வானியலாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. நம் சூரியனின் குழந்தைப் பருவத்தைப் படமெடுக்க அன்று யாரும் இல்லை. அண்டைவீட்டுக் குழந்தைகளைப் பார்த்துத்தான் நம் வீட்டுக் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது.