கடையைச் சாத்துன கதை தெரியும், ஆளைத் தேத்துன கதை?

எங்க திருச்செங்கோட்டுப் பக்கத்துக்குச் சரித்திரத்துல ஒரு இடம் இருக்குதுங்க. சென்னை மாகாணத்துல மதுவிலக்கு முதன்முதலா அமலுக்கு வந்தது 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சேலம் ஜில்லாவுல. அப்ப நாமக்கல், திருச்செங்கோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லாதான். அன்னைக்குச் சாத்துன கடையை அப்புறம் எத்தனை தடவை தொறந்தாங்க, எத்தனை தடவை சாத்துனாங்கன்னு எண்ண ஆரம்பிச்சா ஒரு கை விரல் பத்தாது.

குடியைப் பத்திப் பேச்சு வந்தாலே நாம கடையைப் பத்தித்தான் பேசுறோம். எங்க தொறந்திருக்கு, யாரு தொறந்தாங்க, எப்ப மூடுவாங்க. கடைக்கு நூறு வருச வரலாறு இருக்குது. அங்க போய் நிக்கிற ஆளோட உடம்புக்கு என்ன ஆச்சு, அதுக்கு யாரு வைத்தியம் பாத்தாங்கங்கிற வரலாறு ரெண்டு பக்கத்துக்குத் தேறுமான்னே சந்தேகம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்னுதான் இந்தப் பதிவு.

வெள்ளைக்காரன் 1886ல அப்காரிச் சட்டம் கொண்டு வந்தான். கள்ளுக்கடை, சாராயக்கடையை ஏலம் விடுறது, மரத்துக்கு வரி போடுறதுன்னு எல்லாம் சர்க்கார் கணக்குக்குள்ள வந்துச்சு. 1930கள்ல மாகாண வருமானத்துல ஏறத்தாழ கால் பங்கு இதுலதான். அதனால கடையை மூடுங்கன்னு கேட்டா அது கஜானாவுல கை வைக்கிற மாதிரி.

1921ல ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல் நடந்துச்சு. பெரியாரோட மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னால நின்னாங்க. சேலம் தாதம்பட்டித் தோப்புல 500க்கும் மேல தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்ச்சதையும் சொல்வாங்க. ஒரு தென்னம்பிள்ளையைத் தண்ணி ஊத்திக் காப்பாத்தி மரமாக்குறவனுக்குத்தான் அது எம்புட்டுப் பெரிய காரியம்னு தெரியும்.

1925ல ராஜாஜி எங்க பக்கத்துப் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சாரு. 1929ல அங்கிருந்து மதுவிலக்குக்குன்னே ‘விமோசனம்’னு ஒரு பத்திரிகை வந்துச்சு. ராஜாஜி ஆசிரியர், கல்கி உதவி. அவரே 1937ல பிரதமர் ஆனதும் (அப்ப முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க) சேலத்துல ஆரம்பிச்சாரு. கடையை மூடுனதோட விடலைங்கிறதைச் சொல்லணும். சாயங்காலம் ஆளுங்க கடைப்பக்கம் போய்ப் பழகுன நேரத்துக்கு வேற சோலி வேணும்னு டீக்கடை, பஜனை, விளையாட்டு, சிக்கனச் சங்கம்னு ஏற்பாடு செஞ்சாங்க. குடிக்கிறவனையும் நினைச்சுப் பாத்த முதல் திட்டம் அது. ஆனா அதுலயும் மருந்து, டாக்டர்ங்கிற பேச்சு இல்லை. குடிங்கிறது ஒரு கெட்ட பழக்கம், வேற பழக்கம் வந்தா இது போயிரும்னுதான் அன்னைக்கு நினைச்சாங்க.

போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல விற்பனை வரி வந்துச்சு. போர்க்காலத்துல கவர்னர் ஆட்சியில மதுவிலக்கைத் தளர்த்துனாங்க. கடை திரும்ப வந்துருச்சு, வரி மட்டும் போகவே இல்லை.

ஓமந்தூரார் காலத்துல, 1948 அக்டோபர் 2ல, மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 23 வருசம் நின்னுச்சு. அப்பத்தா சொல்லும், “கட்டுனவன் கூலியை வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்த காலம் அது”ன்னு. அது நெசம். அதே அப்பத்தாதான் ஓடைக்குள்ள பானை புதைச்சு ஊறல் போட்ட கதையையும் சொல்லும். வெல்லம், வெள்வேலம்பட்டை, கடுக்காய் போட்டு ஊற வெச்சு, ராத்திரியில காச்சுறது. போலீஸ் வந்தா பானையை உடைக்கும், ஆளைப் பிடிச்சுட்டுப் போகும். வசதி இருந்தவங்க டாக்டர் சீட்டு வாங்கி பர்மிட் வெச்சுக் குடிச்சாங்க. அதாவது, குடியை விட முடியாத உடம்பு ஒண்ணு இருக்குதுங்கிறது சர்க்காருக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. பணக்காரனுக்குன்னா பர்மிட், ஏழைக்குன்னா லாக்கப்பு. வைத்தியம் ரெண்டு பேருக்குமே இல்லை.

1971 ஆகஸ்ட் 30ல கலைஞர் மதுவிலக்கைத் தள்ளி வெச்சாரு. 1973ல கள்ளுக்கடையும் 1974ல சாராயக்கடையும் மறுபடி மூடுனாங்க. 1981ல எம்.ஜி.ஆர். தொறந்தாரு. 1983ல டாஸ்மாக் வந்துச்சு. 1987 ஜனவரி 1ல இருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 1990ல மலிவு விலை மது வந்துச்சு, 1991ல ஜெயலலிதா அதை நிறுத்துனாங்க. 2003 நவம்பர்ல சில்லறைக் கடையவே டாஸ்மாக் எடுத்துக்கிச்சு. இதுல ஒரு வேடிக்கை, இன்னைக்கும் அந்தக் கடைங்க நடக்குறது 1937ஆம் வருச மதுவிலக்குச் சட்டத்துக்குக் கீழ போட்ட விதிகளை வெச்சுத்தான்.

இதுக்கு நடுவுல குடிக்கிற பொருளே மாறிப்போச்சு. நகரத்துல இருக்கிறவங்களுக்கு இது அவ்வளவாப் புரியறதில்லை. கள்ளுல சாராயச் சத்து நூத்துக்கு அஞ்சு பக்கம். கடைச் சரக்குல 42.8. ஒரு குவாட்டர் 180 மில்லி, அதுல சுத்தச் சாராயம் 77 மில்லி. அதே அளவு கள்ளுல ஏறணும்னா ஒன்றரை லிட்டர் குடிக்கணும். வயிறு ரொம்பிரும், நேரமும் ஆகும். பனங்கள்ளுக்குப் பருவம் வேற உண்டு, வருசம் பூரா வராது. குவாட்டரை ரெண்டு மடக்குல முடிச்சுட்டு வேலைக்குப் போறவங்களை இப்பக் காலையிலயே பாக்கலாம்.

கள்ளு இறக்க அனுமதி வேணும்னு கேக்குற விவசாயிகள்ல நானும் ஒருத்தன். மரம் என்னுது, பாளை என்னுது, அதுல வர்றதை விக்கக் கூடாது, ஆலைச் சரக்கை மட்டும் விக்கலாம்ங்கிறது எந்த ஊர் நியாயம்? ஆனா கள்ளு வந்துட்டா குடிநோய் தீர்ந்துரும்னு சொல்லுற ஆள் நான் இல்லை. கள்ளுக்கடைக் கணக்குலயே காட்டை இழந்த குடும்பங்க இந்த ஊர்லயே இருந்திருக்குது.

2020 மார்ச் 24 சாயங்காலம் கொரோனாவுக்காகக் கடை எல்லாம் மூடுச்சு. மே 7ல தொறக்குற வரைக்கும் 43 நாள். ராஜாஜி காலத்துல கூட இப்படி ஒரே ராத்திரியில, தமிழ்நாடு முழுக்க நின்னதில்லை. எங்க ஊர்ல பல பேர் சும்மா விட்டுட்டாங்க. சபரிமலைக்கு மாலை போட்டா 48 நாள் தொடாம இருப்பாங்களே, அந்த மாதிரி. பொம்பளைங்க முகத்துல ஒரு தெளிச்சி இருந்துச்சு.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு அப்படி இல்லை. இருபது வருசமா நாள் தவறாமக் குடிச்ச உடம்பு. மொத நாள் கை நடுக்கம், வேர்வை. மறுநாள் சோறு இறங்கலை. மூணாம் நாள் ராத்திரி சுவத்துல பூச்சி ஊருதுன்னு தடவிக்கிட்டே இருந்தாரு, செத்துப்போன அவங்க அய்யன்கிட்ட நின்னு பேசுனாரு. காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு மந்திரிக்க ஆள் தேடுனாங்க. அங்க வந்த சுகாதார நர்ஸம்மாதான், “பேயும் இல்லை பிசாசும் இல்லீங்க. சரக்கு நின்னதுனால வர்றது இது. விட்டா உசுருக்கே ஆபத்து”ன்னு சொல்லி 108க்குப் போன் போட்டாங்க.

நர்ஸம்மா சொன்னது வைத்தியப் புஸ்தகத்துல இருக்கிறதுதான். வருசக்கணக்கா ஊத்துன சாராயத்துக்கு மூளை பழகிருது. திடீர்னு நின்னா, கட்டு அறுந்த காளை மாதிரி நரம்பு எல்லாம் ஓட ஆரம்பிக்குது. நிறுத்துன சில மணி நேரத்துல நடுக்கம், மொத ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள புத்தி தடுமாற்றம் வரலாம். எல்லாருக்கும் வராது. வர்றவங்களுக்கு வைத்தியம் இல்லைன்னா சாவும் வரும். அதனாலதான் ரொம்ப நாள் குடிச்சவனை ரூமுக்குள்ள போட்டுப் பூட்டறது, கட்டி வெக்கிறது எல்லாம் கொலைக்குச் சமானம். ஆஸ்பத்திரியில செஞ்சது பெரிய வித்தையில்லை. நரம்பை அமைதிப்படுத்துற மாத்திரையை நாளுக்கு நாள் குறைச்சுக் குடுத்தாங்க, தயமின்ங்கிற வைட்டமின் ஊசி போட்டாங்க. ஒரு வாரத்துல அண்ணன் ஆளைத் தெரிஞ்சு பேசுனாரு.

அதே 43 நாள்ல வார்னிஷையும் சேவிங் லோஷனையும் குடிச்சுச் செத்தவங்க செய்தியும் வந்துச்சு. கடையை மூடுனப்ப, விட முடியாத உடம்புக்கு என்ன வழின்னு யாரும் யோசிக்கலை. 2023ல மரக்காணத்துலயும் செங்கல்பட்டுப் பக்கமும், 2024ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துலயும் மெத்தனால் கலந்ததைக் குடிச்சுச் செத்தவங்க பெரும்பாலும் கூலிக்காரங்க. கள்ளக்குறிச்சியில மட்டும் 65க்கு மேல. அவங்க போனது சர்க்கார் கடைக்கும் இல்லை, அதைவிட விலை குறைஞ்ச பொட்டலத்துக்கு.

வைத்தியம்ங்கிற பேச்சே இல்லாமலும் இல்லை. குடியால புருசனை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல சென்னையில டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையை ஆரம்பிச்சாங்க. டி.டி.கே. ஆஸ்பத்திரின்னா சென்னைக்காரங்களுக்குத் தெரியும். எனக்குப் பிடிச்சது அவங்க 1989ல செஞ்ச காரியம். குடிக்கிற கூலிக்காரன் சென்னைக்கு வரமாட்டான்னு, காவிரியோட அந்தக் கோடியில இருக்கிற மஞ்சக்குடிக்கு ஆஸ்பத்திரியையே கொண்டு போயிட்டாங்க. கிராமத்துலயே பதினைஞ்சு நாள் முகாம். டாக்டர், மருந்து, பேச்சு, கூடவே வீட்டுக்காரங்களுக்கும் வகுப்பு. ஊர்க்காரங்களே எடம் குடுத்து, முடிஞ்சப்புறமும் கவனிச்சுக்கிட்டாங்க. வருசா வருசம் நடத்துனாங்க. கடை ஊருக்கு வரும்போது வைத்தியமும் ஊருக்கு வரலாம்னு காட்டுனது அது.

அது மாதிரி ஊருக்கு ஒண்ணு வந்திருந்தா இன்னைக்குக் கதையே வேற. டில்லி எய்ம்ஸ் மூலமா மத்திய அரசு எடுத்து 2019ல வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவுல குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு உதவி கிடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியில படுத்து வைத்தியம் பாத்தவங்க 180 பேர்ல ஒருத்தர். டாஸ்மாக் வருமானம் 2003-04ல சுமார் 3,600 கோடி, 2023-24ல 45,000 கோடிக்கு மேல. ரெண்டு கணக்கையும் சேத்து வெச்சுப் படிங்க.

இப்பப் பசங்க கையில வேற சரக்கும் வந்துருச்சு. கஞ்சா, உதட்டுக்குள்ள ஒதுக்குற புகையிலை, வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்திக்கிறது. குடிகாரன்னா வாடை காட்டிக் குடுக்கும். மாத்திரை போட்ட பையனை ஆத்தாளுக்கே கண்டுபிடிக்கத் தெரியாது. எதுவா இருந்தாலும் போக வேண்டிய கதவு ஒண்ணுதான்.

அந்தக் கதவு, ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியிலயும் அரசு மருத்துவக் கல்லூரியிலயும் இருக்கிற மனநலப் பிரிவு. காசு கிடையாது. 2025 பிப்ரவரியில ‘கலங்கரை’ங்கிற பேர்ல போதை மீட்பு மையங்களை 25 அரசு ஆஸ்பத்திரிகள்ல தொறந்திருக்காங்க. எங்க போறதுன்னு கேக்க 14446 போதை மீட்புக்கான தேசிய எண், 14416 மனநல உதவிக்கு, 104 நம்ம மாநிலச் சுகாதார உதவி எண். எல்லாம் இலவசம். தனியார் மையம்னா மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு கேளுங்க. அடிச்சுத் திருத்துற எடமா இருந்தா திரும்பி வந்துருங்க.

பஸ் ஸ்டாண்டுச் சுவத்துல ‘குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்’னு எழுதியிருக்கிற பொடியை வாங்கிக் குழம்புல கலக்காதீங்க. டைசல்பிரம்ங்கிற மருந்து உள்ள இருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போயிரலாம். அதை டாக்டர் சொல்லி, குடிக்கிறவரே தெரிஞ்சு ஒத்துக்கிட்டுத்தான் சாப்பிடணும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கடை தொறந்ததும் மறுபடி போனாரு. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அந்த நர்ஸம்மாவே அண்ணிகூடப் பேசி மனநலப் பிரிவுக்கு அனுப்பி வெச்சாங்க. நடுவுல ரெண்டு தடவை சறுக்குனாரு, ரெண்டு தடவையும் திரும்பப் போனாரு. சக்கரை வியாதிக்காரர் ஒரு நாள் ஜிலேபி தின்னுட்டா மாத்திரையை நிறுத்தச் சொல்லுவோமா? அதே கணக்குத்தான் இதுவும்.

எங்க கிராம சபையில வருசா வருசம் கடையை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுறோம். போடத்தான் வேணும், நானும் கையெழுத்துப் போடுறேன். அதுக்கு அடுத்த வரியாவே இன்னொண்ணும் எழுதணுங்க: எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரத்துல ஒரு நாளாவது மனநல டாக்டர் வரணும்.