பதினான்கு பவுன் பள்ளிக்கூடம்

இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் நகரத்திலிருந்து கெண்டலுக்குப் போகும் பழைய கோச்சு வண்டிப் பாதையில், கவன் பிரிட்ஜ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. லெக் என்ற சிறு ஆறு அதை ஒட்டி ஓடுகிறது. 1824-ம் வருஷம் ஜனவரியில் அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. ஏழைப் பாதிரிமார்களின் பெண்களுக்கென்றே ஏற்பட்ட பள்ளிக்கூடம். அதன் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பரீட்சித்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். வாசிப்பு சுமார். கையெழுத்து சுகமில்லை. கணக்கு கொஞ்சம் வரும். தையல் சுத்தமாக இருக்கிறது. இலக்கணம், பூகோளம், சரித்திரம் ஒன்றும் தெரியாது. வயதுக்குக் கெட்டிக்காரிதான், ஆனால் எதையும் முறையாகப் படித்தவளில்லை.

அந்தச் சிறுமியின் பெயர் சார்லட் பிரான்ட்டி. இருபத்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு ‘ஜேன் அயர்’ எழுதியவள் அவள்தான். அந்த நாவலின் முதற்பகுதியில் வரும் லோவுட் பள்ளிக்கூடத்தைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடிப்பிடித்த கஞ்சியும், பனி உறைந்த தண்ணீரும், குழந்தைகளின் கூந்தல் சுருட்டையைக் கூடப் பாவமாகப் பார்க்கும் பாதிரியாரும் வருகிற பகுதி. கவன் பிரிட்ஜைப் பற்றிப் பள்ளிக்கூடம் எழுதி வைத்த கணக்கு ஒன்று. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மாணவி எழுதிய கணக்கு மற்றொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாவலாசிரியர்கள் உண்மையை என்ன செய்கிறார்கள் என்பது கொஞ்சம் விளங்கும்.

பள்ளிக்கூடத்தின் ஸ்தாபகர் வில்லியம் காரஸ் வில்ஸன். பக்கத்து டன்ஸ்டல் கிராமத்தின் பாதிரியார்; வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்திரண்டுதான். அவருடைய ஏற்பாட்டில் ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்குப் பதினான்கு பவுன் கட்டினால் போதும். சாப்பாடு, ஜாகை, உடை, படிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். சேரும்போது புத்தகங்களுக்காக ஒரு பவுன். பிரெஞ்சும் சங்கீதமும் சித்திரமும் வேண்டுமானால் மூன்று பவுன் கூடுதல். இந்தத் தொகையில் ஒரு பெண்ணை வருஷம் முழுவதும் வைத்துக் காப்பாற்ற முடியாதென்று அவருக்கே தெரியும். மீதியை நன்கொடையாகத் திரட்டினார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்ஸ் கூட அவருக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர்.

பாதிரியார் பெண்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கலாம். கௌரவமான குடும்பம், கையில் காசில்லை, கலியாணம் நிச்சயமில்லை, கூலி வேலைக்குப் போகவும் முடியாது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு அந்தக் காலத்து இங்கிலாந்தில் இருந்த வழி ‘கவர்னஸ்’ உத்தியோகம் ஒன்றுதான். பணக்காரர் வீட்டிலேயே தங்கி அவர்கள் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேஜையில் எஜமானியம்மாளோடும் சேர முடியாது. சமையற்கட்டில் வேலைக்காரர்களோடும் சேர முடியாது. அந்த வாழ்க்கைக்குத் தயார் செய்வதுதான் கவன் பிரிட்ஜின் வேலை. சார்லட்டின் பெயருக்கு எதிரேயும் கவர்னஸ் என்றுதான் பதிவாகியிருக்கிறது.

தகப்பனார் பாட்ரிக் பிரான்ட்டி, ஹாவர்த் என்ற மலைப்பாங்கான ஊரில் பாதிரியார். வருஷ வருமானம் இருநூறு பவுனுக்கு மேற்படாது. 1821-ல் மனைவி இறந்துவிட்டாள். ஆறு குழந்தைகள், ஐந்து பெண், ஒரு பிள்ளை. பதினான்கு பவுனில் பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டதும் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! பெரியவள் மரியாவையும் அடுத்தவள் எலிசபெத்தையும் ஜூலை 21-ந் தேதி கொண்டு போய்ச் சேர்த்தார். அடுத்த மாதம் சார்லட். நவம்பரில் எமிலி, அவளுக்கு ஆறு வயது. குழந்தைகளுக்கு அப்போதுதான் மணல்வாரியும் கக்குவானும் வந்து தேறியிருந்தன. இதை வில்ஸனின் கட்சிக்காரர்கள் பிற்பாடு எடுத்துச் சொன்னார்கள். நியாயமான விஷயந்தான்.

மரியாவுக்குப் பத்து வயது. வீட்டில் பத்திரிகை வாசித்து, அன்றைய அரசியல் சமாசாரம் எதைப் பற்றியும் தகப்பனாரோடு சரிசமமாகப் பேசக்கூடியவள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பதிவேட்டின்படி அவளுக்கு வாசிப்பு சுமார், தையல் மோசம். எலிசபெத்துக்கு வாசிப்பு குறைச்சல், தையல் மிக மோசம். எமிலி மட்டும் வெகு அழகாக வாசித்தாளாம். பரீட்சித்தவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் இருந்த கட்டங்களில் அந்தக் குழந்தைகளின் தலைக்குள் இருந்ததை எழுத இடம் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளியின் வாழ்க்கை வாரக் கணக்கில் ஓடிற்று. கோடையில் வாரநாட்களுக்குப் பழுப்புப் பருத்திச் சட்டை, ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளை. குளிர்காலத்தில் ஊதா நிறக் கம்பளி உடை. காலையில் ஓட்ஸ் கஞ்சி. அது அடிக்கடி அடிப்பிடித்து வரும். என்னவென்று தெரியாத துணுக்குகளும் கிடக்கும். பால் கறை படிந்த பாத்திரங்களில் வரும். அரிசியைக் கூரையிலிருந்து வடிந்து தொட்டியில் தேங்கிய மழைத் தண்ணீரில் வேகவைத்தார்கள் என்றும், கூரைத் தூசி அதில் கலந்திருந்ததென்றும் ஒரு புகார் உண்டு. சனிக்கிழமைதான் எல்லாவற்றிலும் விசேஷம். வாரம் முழுவதும் மிஞ்சிய இறைச்சித் துண்டுகளையெல்லாம் மாவுக்குள் வைத்து வேகவைத்துப் பரிமாறுவார்கள். நம் வீடுகளில் சுண்டக் குழம்புக்கு ஒரு ருசி உண்டு; அந்தப் பதார்த்தத்தைப் பற்றி அப்படிச் சொன்னவர் யாருமில்லை. இந்த விவரங்களையெல்லாம் சார்லட்டின் ஜீவிய சரித்திரத்தை எழுதிய நாவலாசிரியை திருமதி காஸ்கெல் விசாரித்து எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில். பக்கத்தில் அல்ல, வில்ஸன் பிரசங்கம் செய்யும் டன்ஸ்டல் கோயில், இரண்டு மைலுக்கு மேல். திறந்த வயல்வெளியில் வடக்கத்திக் காற்றில் நடந்து போக வேண்டும். கோயிலுக்குள்ளும் கணப்பு கிடையாது. காலைப் பூஜைக்கும் மாலைப் பூஜைக்கும் நடுவே வீடு திரும்ப நேரமிராது. ஆகையால் கையோடு எடுத்துப் போன ஆறின உணவை, கோயில் வாயில் மண்டபத்துக்கு மேலே உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு மறுபடியும் நடை. ஆறு வயதுக் குழந்தையும் இதற்கு விலக்கல்ல.

வில்ஸன் கொடியவரா? அப்படிச் சுலபமாக முடித்துவிட முடியவில்லை. அவர் யாரையும் ஏமாற்றிப் பணம் சேர்க்கவில்லை. தம் சொந்தப் பணத்தையும் உழைப்பையும் செலவிட்டவர். ஆனால் தேகத்தின் சுகம் ஆத்மாவுக்குச் சத்துரு என்று நம்பினார். அதைவிட மோசமாக, மற்றவர்களின் தேகத்தைப் பற்றியும் அப்படியே நம்பினார். சிறுவர்களுக்காக அவர் நடத்திய மாதப் பத்திரிகையில், கீழ்ப்படியாத குழந்தை திடீரென்று செத்துப்போவதும், நல்ல குழந்தை சந்தோஷமாகச் செத்துப்போவதும் தவறாமல் வரும். குழந்தை பிழைத்துப் பெரியவளாகிற கதைதான் அபூர்வம்.

மரியாவுக்கு நெஞ்சில் க்ஷயம் பிடித்தது. வைத்தியர் விலாவில் கொப்புளம் எழும்ப மருந்து போட்டிருந்தார். அந்தக் காலத்துச் சிகிச்சை அது. ஒருநாள் காலை, மணி அடித்ததும், அவள் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாள். படுத்திருக்கும்படிதான் மற்றப் பெண்கள் சொன்னார்கள். ஆனால் உபாத்தியாயினிக்குப் பயந்து, குளிரில் நடுங்கியபடி, படுக்கையிலேயே காலுறையை மாட்டத் தொடங்கினாள். அந்த உபாத்தியாயினி வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொப்புளமிருந்த பக்கத்துக் கையையே பற்றி இழுத்து, அறை நடுவில் கொண்டு தள்ளி, அழுக்குப் பிடித்தவள், ஒழுங்கற்றவள் என்று திட்டினாள். மரியா, கோபங்கொண்ட தோழிகளைப் பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டாள். மெல்ல மெல்ல உடுத்திக்கொண்டு மாடியிறங்கிப் போனாள். தாமதமாக வந்ததற்கு அங்கே தண்டனை கிடைத்தது. அன்று அந்த அறையில் இருந்த ஒரு மாணவி திருமதி காஸ்கெலிடம் சொன்னது இது.

1825 பிப்ரவரி 14-ந் தேதி தகப்பனார் வந்து மரியாவை அழைத்துப் போனார். மே 6-ந் தேதி ஹாவர்த்தில் இறந்தாள். மே 31-ந் தேதி எலிசபெத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே தகப்பனார் சார்லட்டையும் எமிலியையும் அழைத்துக்கொண்டுவிட்டார். எலிசபெத் ஜூன் 15-ந் தேதி போய்விட்டாள். மரியாவுக்குப் பதினொன்று, எலிசபெத்துக்குப் பத்து வயது.

அந்த வசந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் விஷ ஜுரமும் பரவியிருந்தது. சுமார் நாற்பது பெண்கள் படுத்தார்கள். வைத்தியர் சாப்பாட்டை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாராம். அதன் பிறகு சமையற்காரியை மாற்றினார்கள், சாப்பாடும் நிமிர்ந்தது. திருமதி காஸ்கெலின் கணக்குப்படி அந்த ஜுரத்தில் பள்ளிக்கூடத்தில் யாரும் இறக்கவில்லை. வீட்டுக்குப் போன ஒரு பெண் மட்டும் இறந்தாள்.

ஆனால் ‘ஜேன் அயர்’ நாவலில் அதே ஜுரம் பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரியாக்கிவிடுகிறது, சவப்பெட்டிகள் போகின்றன. அதாவது ஊருக்குத் தெரிந்த விபத்தைச் சார்லட் பெரிதாக்கினாள். சரி, மரியாவை என்ன செய்தாள்? அவளை ஹெலன் பர்ன்ஸ் என்ற பாத்திரமாக்கினாள். ஹெலன் அடி வாங்குகிறாள், பொறுத்துக்கொள்கிறாள், ஜேனின் கைகளுக்குள்ளேயே உயிரை விடுகிறாள். ஆனால் கொப்புளத்தோடு இழுபட்ட அந்தக் காலை நேரம் நாவலில் இல்லை. இவ்வளவு நல்ல பெண் இருப்பாளா என்று விமர்சகர்கள் சந்தேகித்தபோது, ஹெலன் கற்பனையல்ல என்றும், அவள் விஷயத்தில் தான் எதையும் மிகைப்படுத்தவில்லை என்றும், நம்பமாட்டார்கள் என்பதால் பலவற்றை எழுதாமலே விட்டதாகவும் பதிப்பகத்தாருக்கு 1847 அக்டோபரில் சார்லட் எழுதினாள்.

இந்த இடத்தில் நான் அவளை நம்புகிறேன். ஜுரத்தைக் கூட்டிச் சொல்லலாம். அது எல்லோருக்கும் பொது. தன் அக்காளின் விலாப்புறத்து நோவை அப்படிக் கூட்டவும் முடியாது, அப்படியே எழுதவும் முடியாது. எட்டு வயதில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தவள் அவள். நாவலில் ஜேன் எதிர்த்துப் பேசுகிறாள் என்பதைக் கவனியுங்கள். கவன் பிரிட்ஜில் சார்லட் எதிர்த்துப் பேசியதாக ஒருவருக்கும் நினைவில்லை.

நாவல் வெளிவந்த சில மாதங்களில் ஒரு முதிய பாதிரியார் அதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தையும் ஸ்தாபகரையும் உபாத்தியாயினியையும் பெயர் சொல்லி அடையாளம் கண்டுகொண்டார். ‘கரர் பெல்’ என்ற புனைபெயருக்குள் ஒளிந்திருந்த சார்லட்டுக்கு அதில் உள்ளூர ஒரு திருப்தி. ஆனாலும் ஊர் பேர் வெளிப்படையாக அச்சேறியது அவள் இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான். 1857-ல் திருமதி காஸ்கெலின் நூல் வெளிவந்ததும் ரகளை ஆரம்பித்தது. வில்ஸனின் மகனும் மாப்பிள்ளையும் பத்திரிகையில் மறுப்பு எழுதினார்கள். சார்லட்டின் கணவர் ஆர்தர் நிக்கல்ஸ், சாதாரணமாக வாய் திறவாத மனிதர், மனைவிக்காகப் பதில் எழுதினார். வழக்குப் பயமுறுத்தல் வந்தது; மூன்றாம் பதிப்பில் சில பக்கங்களை மென்மையாக்க வேண்டியதாயிற்று. வில்ஸன் 1859-ல் காலமானார். எத்தனையோ பெண்களுக்குப் படிப்பும் பிழைப்பும் கொடுத்தவர். இன்று அவரை உலகம் நினைப்பதெல்லாம் ஒரு நாவலின் சில அத்தியாயங்களால்தான். அது அவருக்கு இழைத்த அநீதி என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். மரியாவுக்கு வேறு வக்கீல் இருந்தார்களா என்று மட்டும் கேட்பேன்.

எலிசபெத்துக்கு அந்த வக்கீலும் இல்லை. நாவலில் அவளுக்கு இடமேயில்லை. அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு நினைவு. பள்ளியின் தலைமை உபாத்தியாயினி ஆன் ஈவன்ஸ் என்ற அம்மாள். நாவலில் கருணையே உருவாக வரும் மிஸ் டெம்பிள் இவர்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அவர் எழுதிய கடிதத்தில், நான்கு சகோதரிகளில் தமக்கு நன்றாக நினைவிருப்பவள் எலிசபெத் மட்டுந்தான் என்கிறார். அவளுக்குத் தலையில் பலமான காயம் பட்டுச் சில நாள் தம் அறையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாராம்; குழந்தை நோவைப் பொறுமையாகத் தாங்கினாளாம். சார்லட் ஒரு சுறுசுறுப்பான கெட்டிக்காரக் குழந்தை. எமிலி பள்ளிக்கூடத்துக்கே செல்லப்பிள்ளை. ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதப்போகிறவள் யார் மடியிலோ உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்க எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

சார்லட் மறுபடியும் பள்ளிக்கூடம் போனது 1831 ஜனவரியில், ரோ ஹெட் என்ற இடத்துக்கு. மார்கரெட் வூலர் நடத்திய அந்தப் பள்ளியில் மொத்தமே பத்துப் பெண்களுக்குள்தான். அங்கேயும் முதல் நாள் இலக்கணமும் பூகோளமும் தெரியவில்லை என்று கீழ் வகுப்பில் போடப் பார்த்தார்கள். அழுதாள், மேல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். வெள்ளிப் பதக்கம் வாங்கி, வகுப்பில் முதலாவதாக நின்றாள். அங்கே படித்த தோழி மேரி டெய்லரிடம் ஒரு கனவைச் சொல்லியிருக்கிறாள். யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொல்லிக் கூடத்துக்கு அழைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் மரியாவும் எலிசபெத்தும். நாகரிகமாக உடுத்தியிருக்கிறார்கள். முன்பு எதிலெல்லாம் அவர்களுக்குப் பிரியமோ அதெல்லாம் மறந்துவிட்டது. அறையில் இது சரியில்லை, அது சரியில்லை என்று குற்றம் சொல்லத் தொடங்குகிறார்கள்.

1844-ல் சார்லட்டும் தங்கைகளும் ஹாவர்த் வீட்டிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் தொடங்க நினைத்து விளம்பரம் அச்சிட்டார்கள். வருஷச் சம்பளம் முப்பத்தைந்து பவுன். ஒரு பெண் கூடச் சேரவில்லை.

கவன் பிரிட்ஜ் பள்ளிக்கூடம் 1833-ல் சில மைல் தள்ளிக் காஸ்டர்டன் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே நூற்றெண்பது வருஷம் நடந்தது. 2013-ல் ஸெட்பர் பள்ளியோடு இணைந்தது. பழைய கட்டடத்தில் எஞ்சியது இன்று சாலையோரத்து வரிசை வீடுகளாக நிற்கிறது. டன்ஸ்டல் கோயில் வாயிலுக்கு மேலே, குழந்தைகள் ஆறின சோறு சாப்பிட்ட அந்த அறையும் அப்படியே இருக்கிறது.